செல்போனில் பளிச், பிரிண்ட்டில் மங்கல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தை 12க்கு 18 அங்குல அளவில் பெரிதாக்கினோம். செல்போனில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்ட்டில் மங்கலாக, கட்டம் கட்டமாக வந்தது. அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அது. ஸ்டுடியோவில் ‘300 டிபிஐ’ என்று மாற்றிப் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. (வாசகி, தேனி)

பதில்: மிஷின்மேல் குறையில்லை, கொடுத்த பைலில்தான் குறை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கிவிடும். நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்கு (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) இறங்கும். அதை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று பைலில் எழுதிவைக்கும் குறிப்பு மட்டுமே. அந்த எண்ணை மாற்றினால் இல்லாத பிக்சல் வந்துவிடாது.

கையில் எடுத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும். 150க்குக் கீழே போகாதீர்கள். 8க்கு 12 பிரிண்ட்டுக்கு 300 கணக்கில் 2400க்கு 3600 பிக்சல். 12க்கு 18க்கு 3600க்கு 5400, அதாவது ஏறக்குறைய 20 மெகாபிக்சல் (இரண்டு கோடி பிக்சல்). உங்கள் அண்ணன் போனில் 12 மெகாபிக்சல் (4000க்கு 3000) ஒரிஜினல் இருந்தால் 18 அங்குல நீளத்துக்கு அங்குலத்துக்கு 222 பிக்சல் கிடைக்கும். சுவருக்கு அது தாராளம். ஒரிஜினலை வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பிரிண்ட் போடும் லேபுக்குப் போங்கள்.

பெரிய பிரிண்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை அவசியம். படத்தை 12க்கு 18 ஆக்கிக்கொண்டு, ஒரு முகம் வரும் இடத்தில் 4க்கு 6 துண்டு மட்டும் வெட்டி, அதைச் சாதாரண 4க்கு 6 ஆகப் போடச் சொல்லுங்கள். இமை முடி பிரிந்து தெரிகிறதா, பட்டுச்சேலையின் ஜரிகை இழை நிற்கிறதா என்று பாருங்கள். அதில் குழைந்திருந்தால் பெரிய படத்திலும் குழைந்துதான் வரும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்த படங்கள் எல்லாமே இருட்டாக, முகம் வெளிறி வருகின்றன. (வாசகர், ஈரோடு)

பதில்: இருட்டுக்கும் வெளிறலுக்கும் தனித்தனிக் காரணம். திரை தானே ஒளி விடும். காகிதம் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். மானிட்டர் வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு திருத்தினால், இருட்டான படம்கூடச் சரியாகத் தோன்றும். வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெளுப்பாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். பிறகு திருத்துங்கள்.

முகம் வெளிறுவதற்கு, கேமராவில் நிற அமைப்பை (கலர் ஸ்பேஸ்) ‘அடோபி ஆர்ஜிபி’ என்று வைத்திருப்பது காரணமாக இருக்கலாம். பெரும்பாலான லேப்கள் ‘எஸ்ஆர்ஜிபி’ என்ற அமைப்பை எதிர்பார்க்கின்றன, மற்றதை அப்படியே போட்டால் நிறம் செத்துப்போகும். போட்டோஷாப்பில் ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ வழியாக மாற்றுங்கள். ‘அசைன்’ வேண்டாம், அது பெயர்ச்சீட்டை மாற்றுமே தவிர நிறத்தைக் காப்பாற்றாது. கூடவே, “ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க” என்று லேபில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மிஷின் படம் முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் நிறைந்த படம் அதில் சாம்பல் பூத்துப்போகும்.

கேள்வி: குரூப் போட்டோவை 8க்கு 10 போட்டதில் இரண்டு ஓரத்திலும் நின்றவர்கள் பாதி வெட்டுப்பட்டுவிட்டார்கள். (வாசகர், காரைக்குடி)

பதில்: டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுத்த படம் பெரும்பாலும் 3க்கு 2 விகிதம். 8 அங்குல உயரத்துக்கு 12 அங்குல அகலம் வேண்டும். தாளில் இருப்பதோ 10. மீதி 2 அங்குலம் போய்த்தான் ஆகவேண்டும். 8க்கு 12 கேளுங்கள். செல்போன் படம் பெரும்பாலும் 4க்கு 3. அதற்கு 6க்கு 8 பொருந்தும். அதையே 4க்கு 6இல் போட்டால் அரை அங்குலம் போகும், பெரும்பாலும் தலையோ காலோ. வேறு அளவுதான் வேண்டுமென்றால் வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் போடச் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் ஊர் கடலோரம். லேபில் போட்ட 8க்கு 10 படம் பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. உரிக்கலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: உரிக்காதீர்கள், படலம் கண்ணாடியோடு போய்விடும். லேப் தாளின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். ஒரிஜினல் பைல் இருந்தால் கவலையில்லை, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பவர்கள் உண்டு; ஸ்கேன் பத்திரமான பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். இன்க்ஜெட் (மை தெளித்து அச்சிடும்) பிரிண்ட் என்றால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது, மை கரைந்துவிடலாம். புதுப் படத்தைப் பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஜன்னல்போல வெட்டிய மவுன்ட் போர்டு (தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே ஒட்டாது.