சபையின் கண்ணில் படாதவர்களை எப்படிச் சென்றடைவது?

"ஊழியம் செய்ய ஆள் இருக்கிறது, யாரிடம் போவது என்றுதான் தெரியவில்லை" என்கிறீர்கள். முதலில் கடைசி வரிசையைப் பாருங்கள். ஆராதனை முடியுமுன்பே எழுந்து போகிற அந்தப் பெண், மறதிநோயுள்ள கணவரை வீட்டில் விட்டு வந்திருக்கலாம். ஜெபிப்பதோடு நிறுத்தாதீர்கள். வாரம் 2 மணி நேரம் அவர் கணவருடன் உட்கார ஒருவரை அனுப்புங்கள். ஒவ்வொரு வாரமும் அதே ஆள், அதே நாள். முகம் மாறினால் நோயாளி மிரளக்கூடும்.

இரவுப்பணி செய்பவர்களுக்கு ஆராதனை நேரத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. காது கேளாதவர்களுக்கு சைகைமொழி தெரிந்தவர் அவசியம். திரையில் வசனம் போட்டால் மட்டும் போதாது.

சிறை ஊழியத்தில் எனக்கு முன்மாதிரி, இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எலிசபெத் ஃபிரை. 1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போனபோது அவர் கொண்டுபோனது குழந்தைகளுக்கான துணி. 1817-ல் பெண் கைதிகளுக்குத் தையல் வேலை தொடங்கியபோது, விதிகளை வாசித்துக்காட்டி ஒவ்வொன்றுக்கும் அவர்களின் சம்மதத்தைக் கேட்டார். நம் சபைகள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். திட்டத்தை நாமே போட்டுவிட்டு, உதவி தேவைப்படுபவர்களைப் பிறகு அழைக்கிறோம். திட்டமிடும் கூட்டத்திலேயே அவர்களில் இருவரையாவது உட்கார வையுங்கள். உதவி பெற ஆலயத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம்.