காய்ச்சல் போன பின் வந்த கருமை

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு மாதங்களுக்கு முன் சிக்குன்குனியா வந்தது. இரத்தப் பரிசோதனையிலும் உறுதியானது. காய்ச்சல் ஐந்து நாட்களில் விட்டுவிட்டது. மூன்றாவது வாரத்தில், மூக்கின் மேல் கரியைத் தடவியதுபோல் கருமை தோன்றி, இப்போது இரு கன்னங்களிலும் இறங்கியிருக்கிறது. அரிப்போ எரிச்சலோ இல்லை. பார்ப்பவர்கள் எல்லாம் கல்லீரல் கோளாறா என்று கேட்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தம் மங்குக்குப் பூசிய கிரீமைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் நிறம் சற்றுக் குறைந்தது போலிருக்கிறது. அதைத் தொடரலாமா? இந்தக் கருமை போகுமா?

பதில்: போகும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேகத்தில் போகாது. அந்தக் கிரீமைத் தொடர்ந்தால் இன்னும் தாமதமாகலாம்.

சிக்குன்குனியாவின் கிருமி 1952-53இல், இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் பரவிய காய்ச்சலின்போது கண்டறியப்பட்டது. மூட்டுவலியால் நோயாளி வளைந்து போவதைக் குறிக்கும் அப்பகுதியின் மக்கொண்டே மொழிச் சொல்லே நோயின் பெயராயிற்று. மூட்டைப் பார்த்து வைத்த பெயர் அது; முகத்தைப் பார்த்திருந்தால் வேறு பெயர் அமைந்திருக்கும். காய்ச்சல் தணிந்த சில வாரங்களில் மூக்கிலும் கன்னங்களிலும், சிலருக்குக் காது மடல்களிலும் கை கால்களிலும் படரும் இந்தக் கருமை தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. 'எனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான்' என்று சொல்பவரின் மூக்கைப் பார்த்தே, வந்தது சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பதும் உண்டு.

தொற்றின்போது தோலில் ஏற்படும் அழற்சி, மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அவ்வாறு கூடுதலாகச் சேர்ந்த நிறமி மேல்தோலில் மட்டும் தங்கினால், அந்தச் செல்கள் மேலெழுந்து உதிரும்போது தானும் சேர்ந்து உதிர்ந்துவிடும். கொஞ்சம் கீழே, உள்தோலுக்குள் சிந்திவிட்டால், அங்குள்ள துப்புரவுச் செல்கள் அதைச் சிறிது சிறிதாக விழுங்கி அகற்ற வேண்டும். அது மெதுவான வேலை. அதனால்தான் ஒருவருக்கு மூன்று மாதங்களில் மறைவது, மற்றொருவருக்கு ஆறு மாதங்களோ அதற்கு மேலுமோ நீடிக்கிறது. இது பிறருக்குத் தொற்றாது. கல்லீரலைப் பற்றிய கவலையும் வேண்டாம். காமாலையில் மஞ்சளாவது கண்ணின் வெள்ளைப் பகுதி, மூக்கு கறுப்பது அதன் அடையாளமன்று.

இனி, அந்தக் கிரீம். குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், இவற்றுடன் மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு என்ற மூன்றும் இருந்தால், அது மருத்துவர் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தர வேண்டிய மருந்து. கைமாற்றாக வாங்கிப் பூசும் அழகுப் பொருளன்று. முதல் வாரங்களில் முகம் வெளுப்பது உண்மைதான். அந்த வெளுப்பை நம்பித் தொடர்பவர்களுக்குத் தோல் மெலிவதும், சிவந்த நுண்ணிய இரத்த நாளங்கள் வெளித்தெரிவதும், பருக்களும் முடியும் முளைப்பதும், நிறுத்தியவுடன் எரிச்சலோடு கருமை திரும்புவதும் நேர்கின்றன. ஹைட்ரோகுவினோனைக் கணக்கின்றி நெடுநாள் பூசினால், நீலம் கலந்த ஒரு கருமை படிந்துவிடும். அதைப் போக்குவது நீங்கள் இப்போது போக்க நினைப்பதைவிடக் கடினம். ஒரு வாரப் பூச்சினால் பெரிய தீங்கு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை, இன்றோடு நிறுத்திவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, பிளீச் ஆகியவையும் வேண்டாம். அவை உண்டாக்கும் எரிச்சலே புதிய கருமைக்கு வழி செய்யும்.

செய்ய வேண்டியது, வெயிலை மறிப்பது. எஸ்.பி.எஃப். என்னும் வெயில்தடுப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்டதும், புற ஊதா 'ஏ' கதிர்களையும் தடுப்பதுமான சன்ஸ்கிரீனை இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள்; பலரும் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். அந்த 'ஏ' கதிர்கள் சன்னல் கண்ணாடியையும் கடந்து வருவதால், நாள் முழுவதும் சன்னலோரம் அமர்ந்து வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். விரைவாகக் குறைய வேண்டுமென்றால், அசிலாயிக் அமிலம் போன்ற மென்மையான பூச்சு உங்களுக்கு ஏற்றதா என்பதைத் தோல் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

ஈறுகளும் உள்ளங்கை ரேகைகளும் சேர்ந்து கறுத்து, உடல் எடை குறைந்து, எழுந்து நின்றால் தலைசுற்றினால் அது வேறு. சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். வலி மாத்திரை விழுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் வட்டமாகக் கறுத்தால், அந்த மாத்திரையின் ஒவ்வாமை எனக் கருதி மருத்துவரிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள்.

தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது. மாதம் ஒருமுறை, அதே சன்னலருகே, அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். காய்ச்சல் வந்து ஆறு மாதங்கள் ஆன பின்னும் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், அந்தப் படங்களோடு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.