டயருக்கு ரோஜா, ஊதுபத்திக்குச் சந்தனமா?

கேள்வி: டயரில் வீசும் ரோஜா மணத்துக்கே இந்தியாவில் டிரேட்மார்க் தருகிறார்களாமே? எங்கள் ஊதுபத்தியின் சந்தன மணத்தையும் மஞ்சள் பெட்டியையும் எங்கள் பெயரில் பதிய முடியாதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மணத்தை விட்டுவிடுங்கள். டயரின் ரோஜா மணத்துக்கு டிரேட்மார்க் கேட்ட ஜப்பானின் சுமிடோமோ ரப்பர் நிறுவனத்தின் விண்ணப்பம் 2025 நவம்பரில் ஏற்கப்பட்டதே, டயர் ரோஜாவாக மணக்க எந்த அவசியமும் இல்லை என்பதால்தான். ஊதுபத்தியில் மணம்தான் சரக்கு. சந்தனத்தை உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் எதை விற்பார்கள்?

தவிர, 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி சின்னத்தை (டிரேட்மார்க்கை) வரைபடமாகக் காட்ட வேண்டும். 'சந்தன வாசனை' என்று எழுதினால் போதாது. டயருக்காக அலகாபாத் ஐஐஐடி (இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் பூ, பழம், மரம், கொட்டை, நெடி, இனிப்பு, புதினா என ஏழு கூறுகளாக மணத்தைப் பிரித்துப் படம் போட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றமோ 2002இல், ஒரு மணத்தைப் பதியக் கேட்ட சீக்மன் வழக்கில், வேதிச் சூத்திரம், வருணனை, மாதிரிப் புட்டி எல்லாம் சேர்ந்தாலும் செல்லாது என்றது.

நிறத்துக்கு வழி உண்டு. ஆனால் ஒற்றை மஞ்சளுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சொல்வது 'நிறங்களின் சேர்க்கை'. லூபுட்டான் என்ற பிரெஞ்சு ஆடம்பரக் காலணி நிறுவனத்தின் சிவப்பு அடிப்பாகச் செருப்புக்கு 2017 டிசம்பரில் ஆதரவாகத் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே, 2018 மே மாதம் இன்னொரு நீதிபதி ஒற்றை நிறம் சின்னமாகாது என்றார். அதே நீதிமன்றம் 2003இல் கோல்கேட்டின் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, இரு பங்கு வெள்ளை என்ற வரிசையைக் காத்தது.

எனவே மஞ்சளோடு இன்னொரு நிறத்தைச் சேர்த்து, வரிசையையும் அளவையும் முடிவு செய்யுங்கள். அச்சகத்துக்குப் பான்டோன் எண் (நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண்) கொடுங்கள். லாட்டுக்கு லாட் மஞ்சள் மாறினால் நிறம் உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? டிஎம்-ஏ என்ற டிரேட்மார்க் விண்ணப்பப் படிவத்தில், ஊதுபத்தி அடங்கும் 3ஆம் வகுப்பில், நிறச் சேர்க்கை என்று குறிப்பிட்டு வண்ணப் படத்துடன் விண்ணப்பியுங்கள். உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவுச் சான்று) இருந்தால் ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய்.

இந்த நிறம் உங்கள் சரக்கைத் தனித்துக் காட்டவில்லை என்று 9ஆம் பிரிவின்படி ஆட்சேபம் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆண்டுவாரி விற்பனைக்கு ஆடிட்டர் சான்று, விளம்பர பில்கள், பெயரைப் படிக்காமல் பெட்டியைப் பார்த்தே வாடிக்கையாளர் கேட்கிறார் என்று கடைக்காரர்கள் தரும் பிரமாணப் பத்திரங்கள் ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள்.

அதற்கும் முன்னால், பிராண்டு பெயரைக் கறுப்பு வெள்ளையில் பதியுங்கள். நிற வரம்பு இல்லாத பதிவு 10ஆம் பிரிவின்படி எல்லா நிறங்களுக்கும் பொருந்தும். சந்தனக் கலவையைப் பொறுத்தவரை, அதை ரகசியமாகக் காப்பதுதான் வழி: எண்ணெய்களை வெவ்வேறு கடைகளில் வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். கலவை தெரிந்த ஊழியரிடம் ரகசிய ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்.