மிட்வைஃப்ட்ட பதியணுமா, விஓஜிய சேனல் பண்ணினாக் காணுமா?

தங்கச்சி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சன். கொக்கட்டிச்சோலைப் பக்கம், முதல் பிள்ள, ரெண்டு மாசம், அவர் கத்தார்ல, டவுனுக்குப் போய் விஓஜிய (மகப்பேற்று விசேட வைத்தியர) காசு குடுத்து சேனல் பண்ணினாக் காணும், மிட்வைஃப்ட (ஏரியாக்குப் பொறுப்பான அரசாங்க மருத்துவமாதுட) கிளினிக்ல போய் லைன்ல நிக்கத் தேவல்ல எண்டு மாமி சொல்லுறாங்க, அது சரியா எண்டு கேட்டிருக்கீங்க. நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம், ரெண்டு பிள்ளயும் இங்கதான் பெத்தன், முதல் தரம் உங்கட மாமி சொல்லுற மாதிரியேதான் நானும் செஞ்சன், அதாலதான் சொல்லுறன், ரெண்டும் வேணும். ஒண்டு செய்யிறத மத்தது செய்யாது.

எனக்கு நடந்தத கேளுங்க. மூணு மாசம் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லப்படாது, கண்ணூறு பட்டுரும் எண்டு எங்கட வீட்டுல ஒரே பிடிவாதம். ஒரு பிரைவேட் இடத்துல காட்டினம், பேர் வேணாம், ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளுக்குப் போனா அஞ்சு நிமிஷம், ஸ்கேன் படம் ஒண்டு, குளிச ஒரு பை, அடுத்த மாசம் வாங்க. என்னத்த சாப்பிடுறாய், எப்பிடி நித்திர எண்டு ஒரு வார்த்த இல்ல. நானும் சந்தோஷமா படத்தக் கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினன். நாலாம் மாசம் ஒரு நாள் பின்னேரம் எங்கட ஏரியா மிட்வைஃப் ஸ்கூட்டில வந்து இறங்கினா. ஆர் சொன்னாங்களோ தெரியா, பக்கத்து வீட்டு அக்காதான் எண்டு நினைக்கிறன். ஏசப் போறாவாக்கும் எண்டு பயந்து நிண்டன், அவ ஒண்டும் ஏசல்ல, விறாந்தைல இருந்து என்ட கீழ்க்கண் இமைய விரலால இழுத்துப் பாத்தா, நகத்தப் பாத்தா, மறுகா கேட்டா, “இரும்புச்சத்துக் குளிச என்னத்தோட போடுறாய் புள்ள?” நான் பெருமையா சொன்னன், மறக்காம இருக்க விடிய பால்தேத்தண்ணியோட போடுறன் மிஸ் எண்டு. அவ சிரிச்சிட்டு, “அப்ப குளிசயும் தேத்தண்ணியும் கூட்டாளியாகி ஒண்டா வெளியால போயிரும், உனக்கு ஒண்டும் சேராது” எண்டா. அடுத்த கிழம ரெத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 9.2. புள்ளத்தாச்சிக்கு 11க்குக் கீழ இறங்கினாலே ரெத்தம் குறைவுதான். அது வரைக்கும் காசு குடுத்துப் போன இடத்துல ஒருத்தரும் அதப் பாக்கல்ல, நானும் கேக்கல்ல, பிழ என்னிலயும்தான்.

அதால முதல் வேல, 8 கிழம முடியுறதுக்குள்ள பதியுங்க. ஏரியா மிட்வைஃப் ஆர் எண்டு தெரியாட்டி எம்ஓஎச் ஒபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரிட பணிமனைல) கேட்டாச் சொல்லுவாங்க. பதிஞ்சா ஒரு கார்ட் தருவாங்க, அதே மாதிரி ஒண்டு அவங்கட கையிலயும் இரிக்கும். உங்கட கார்ட்ட பொலித்தீன் கவர் ஒண்டுல போட்டு எங்க போனாலும் கொண்டு போங்க, விஓஜிட்ட போனாலும் அதுலதான் எழுதச் சொல்லிக் கேளுங்க, ராவு ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினா அங்க இருக்கிற டொக்டருக்கு உங்களத் தெரியா, அந்தக் கார்ட்டத்தான் தெரியும்.

முதல் கிளினிக்ல உயரம், பாரம், பிரஷர், சலம், ரெத்தம் எல்லாம் பாப்பாங்க. ரெத்தத்துல குரூப், சீனி, ரெத்தத்தின்ட அளவு, சிபிலிஸ், எச்ஐவி எண்டு எல்லாத்தையும் சோதிப்பாங்க. எச்ஐவி எண்ட சொல்லக் கேட்டு மூஞ்சி கறுக்கத் தேவல்ல, எல்லாருக்கும்தான் பாக்கிறது, அப்பிடிப் பாத்துத்தான் தாய்ட்ட இருந்து பிள்ளக்கு சிபிலிஸும் எச்ஐவியும் போறத இலங்கை ஒழிச்சிட்டு எண்டு 2019ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே குடுத்தது. குரூப் நெகட்டிவ் எண்டு வந்தா கட்டாயம் ஞாபகம் வெச்சுக்கங்க, அதுக்கு வேற ஊசி ஒண்டு போடணும். வீட்டுல உங்கட சின்ன வயசு ஊசிக் கார்ட் இருந்தா தேடி எடுத்துட்டுப் போங்க, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எத்தின போடணும் எண்டு அதப் பாத்துத்தான் முடிவெடுப்பாங்க.

12 கிழம வரைக்கும் ஃபோலிக் அசிட், அதுக்குப் பிறகு இரும்புச்சத்து, கல்சியம், விட்டமின் சி, ஒரு தரம் பூச்சிக் குளிச. கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்துல போடாதீங்க, ஒண்ட விடிய எண்டா மத்தத ராவைக்கு. குளிச போட்டா வெளிக்குக் கறுப்பாப் போகும், அதப் பாத்துப் பயந்து நிப்பாட்டின ஆக்களையும் எனக்குத் தெரியும். திரிபோஷா எண்ட சத்துமாவும் தருவாங்க. அது உங்களுக்குத் தாறது தங்கச்சி, வீட்டுல உள்ள சின்னனுகளுக்கு உருண்ட பிடிச்சுக் குடுக்க இல்ல (நான் அதையும் செஞ்சிருக்கன்).

24லயிருந்து 28 கிழமைக்குள்ள சீனி சோதிக்க வெறுவயித்துல குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொல்லுவாங்க. 75 கிராம் கரைச்சது, தொண்டைக்குள்ளால இறங்காது, நான் முதல் தரம் சத்தி எடுத்துட்டன், மறுகா இன்னொரு நாள் போக வேண்டி வந்துட்டு. மெதுவாக் குடிங்க.

இனி விஓஜி. அவங்க தேவையில்ல எண்டு நான் சொல்லல்ல. ஸ்கேன் பாக்க, பிரஷர் 140/90ஐத் தாண்டினா, சீனி இருந்தா, ரெட்டைப் பிள்ள எண்டா, முன்னுக்கு சிசர் (சிசேரியன்) எண்டா அவங்கதான் முடிவெடுக்கணும். கிட்டத்தட்ட 12 கிழமைல ஒரு ஸ்கேன், மறுகா 20 கிழமைல பிள்ளட உறுப்பு எல்லாம் பாக்கிற ஸ்கேன், இந்த ரெண்டையும் விடாதீங்க. ஆனா அதுக்குக் காசு குடுத்து சேனல் பண்ணித்தான் ஆகணும் எண்டு இல்ல, மிட்வைஃப்ட கிளினிக்ல இருந்தே ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு துண்டு தருவாங்க, போதனா வைத்தியசாலை எண்டாலும் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி எண்டாலும் சதம் செலவில்ல. லைன் நீளம்தான், அத மறைக்கல்ல. கசுவரீனா மரத்துக்குக் கீழ வாங்கு போட்டிருந்தா அது உங்கட அதிஷ்டம்.

ரெண்டாவது பிள்ளைல நடந்தத சொல்லாம இந்தப் பதில முடிக்க ஏலா. 34 கிழம. விடிஞ்சதுல இருந்து பிள்ளட துடிப்பு (வயித்துக்குள்ள அசையிறது) குறைவா இரிக்கி, பின்னேரம் பாத்தா அதுவும் இல்ல. மாமி சொன்னாங்க குளிர் தண்ணி குடிச்சிட்டு இடப்பக்கமாப் படு, நித்திர கொள்ளுதாக்கும் எண்டு. மனசு கேக்கல்ல, மிட்வைஃப்க்கு கோல் எடுத்தன். அவ கேட்ட ஒரே கேள்வி, “காலம்பறலயிருந்து எத்தின துடிப்பு எண்ணினாய்?” நாலு எண்டன். “ஃபோனை வை, 1990 அம்புலன்ஸ்க்கு எடு, சோறு தின்ன எல்லாம் நிக்காத.” அம்புலன்ஸ் காசில்லாம வந்தது. வார்ட்ல மெஷின் பூட்டி பிள்ளட இதயச் சத்தம் கேட்ட நேரம் நான் அழுததப் பாத்து பக்கத்துக் கட்டில் முஸ்லிம் அக்கா அவட தண்ணிப் போத்தல நீட்டினா. பிள்ள சுகம், ரெண்டு நாள் வெச்சுப் பாத்துட்டு விட்டாங்க. ஒண்டும் இல்லாமப் போனதுக்கு ஆஸ்பத்திரில ஒருத்தரும் ஏசல்ல. துடிப்புக் குறைஞ்சா, ரெத்தம் பட்டா, தண்ணி உடைஞ்சா, விடாத தலையிடி, கண் மங்கல், முகம் வீங்கினா, காய்ச்சல் எண்டா (நம்மட ஊர்ல டெங்கு எண்டும் ஒண்டு இரிக்கி) அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துட்டு இருக்காதீங்க.

என்ட அம்மா வாவிக்கு அங்கால உங்கட படுவான்கரைல பிறந்தவ. அம்மம்மாக்கு வலி கண்ட நேரம் மண்முனைல பாதை (வாவியக் கடக்கிற மிதவை) வர விடியுமட்டும் கரையில காத்திருந்தாங்களாம். 2014ல பாலம் திறந்த பிறகு உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, ஆனாலும் அவர் வெளிநாட்டுல எண்டபடியா ராவுல ஆர் கூட வாறது, ஆர்ட ஓட்டோ எண்டு இப்பவே பேசி வைங்க. லேபர் ரூமுக்குள்ள துணைக்கு ஒரு பொம்புள நிக்க விடுவாங்களா எண்டது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம், கிளினிக்ல கேட்டு வைங்க.

பிள்ள பிறந்தாப் பிறகுதான் மிட்வைஃப்ட அருமை தெரியும். முதல் 10 நாளைக்குள்ள ரெண்டு தரம் வீட்டுக்கு வருவா, தையல், பால், பிள்ளட தொப்புள், பாரம் எல்லாம் பாப்பா. எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லு மாதிரி இருந்த நேரம் விஓஜிக்கா கோல் எடுக்க ஏலும்? அவதான் கட்டிலடில இருந்து பிள்ளட வாய எப்பிடிப் பிடிக்கிற எண்டு காட்டித் தந்தா. மாமி நாக்குல தேன் தொட்டு வைக்க வந்தாங்க, மிஸ் கையப் பிடிச்சு, ஒரு வயசு வரைக்கும் தேன் வேணாம், அதுல வாற கிருமி பிள்ளைக்குக் கூடாது எண்டு சொன்னா, ஆனா பிள்ளப் பெத்தவங்களுக்கு ஆக்குற சரக்குக் கறிக்கும் பால்சுறா மீனுக்கும் ஒண்டும் சொல்லல்ல, நல்லாச் சாப்பிடு எண்டுதான் சொன்னா, மாமிட முகம் அப்பதான் கொஞ்சம் தெளிஞ்சது.

எல்லா மிட்வைஃபும் என்ட மிஸ் மாதிரி எண்டு சொல்லல்ல, சிடுசிடு எண்டு ஏசுறவங்களும் இரிக்காங்க, ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கான சனம் உள்ள ஏரியா, அவங்களும் மனிசர்தான். உங்கட ஏரியா கிளினிக் என்ன நாள் எண்டு நாளைக்கே கேளுங்க. போற அண்டு காலம்பற சாப்பிட்டுட்டு, தண்ணிப் போத்தலும் ஐடென்டி கார்ட்டும் எடுத்துட்டுப் போங்க, மாமியையும் கூட்டிட்டுப் போங்க, மிஸ்ட வாயால கேட்டா அவங்களும் நம்புவாங்க.