செயற்கைக் காலோடு லண்டனில் வீடும் வேலையும்: கேட்ட தம்பிக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மேலே போட்டுவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற ஆட்களுக்கும் விளங்க வேண்டும். உங்களுக்கு வயது 29. முழங்காலுக்குக் கீழே வலது கால் 2009இல் போனது. அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. அதுவரை ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் வீடு தந்திருந்தது. இப்போது ஈஸ்ட்ஹாமில் மச்சான் வீட்டில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருக்கிறீர்கள். ஊரில் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு. அரசாங்கம் வீட்டுக்கும் வேலைக்கும் என்ன செய்யும், வேலைக்குப் போனால் பிப் (PIP, உடல் குறை உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூட இருக்கும் திருச்சி நண்பர் வேலை விசாவில் வந்தவர், அவருக்கும் காலில் குறை, அவர் என்ன செய்யலாம் என்பதும் கேள்வியில் இருந்தது.

பிப் வேலைக்குப் போவதால் நிற்காது. உங்கள் வருமானத்தையோ சேமிப்பையோ பார்த்துத் தரும் காசு அல்ல அது. அதற்கு வரியும் இல்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு: வீடு, பயணம், வாகனத் தரிப்பிடம் என்று பின்னால் வரும் பல கதவுகளுக்கு பிப் கடிதம்தான் திறப்பு. ஆகவே மற்ற எதையும் தொடங்க முன் உதவித்தொகைகளைப் பார்க்கும் அரச துறையான டி.டபிள்யூ.பிக்கு (DWP) ரெலிபோன் எடுத்து பிப் விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். காசு கணக்கிடப்படுவது அந்த அழைப்பு நாளிலிருந்து. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம், அழைப்பின் தொடக்கத்திலேயே கேளுங்கள். சாதாரணமாக, கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் பிரித்தானியாவில் இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்த விதி இல்லை. தொலைபேசியில் இருப்பவர் இதைத் தெரியாமல் மறுத்தால், அகதிகளுக்கு விலக்கு உண்டு என்று சொல்லி, விண்ணப்பத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்று நில்லுங்கள்.

பிறகு பெரிய படிவம் ஒன்று வரும். திருப்பி அனுப்ப ஒரு மாதம் தவணை. போதாவிட்டால் தவணை முடிய முன் அழைத்து நீட்டிக்கக் கேளுங்கள். எங்கள் ஆட்கள் விழுவது இந்தப் படிவத்தில்தான். வருடக்கணக்காக ஒரு காலோடு வாழ்ந்து பழகியவர், 'நடக்க முடியுமா' என்றால் 'ஓம், நடப்பேன்' என்று எழுதிவிடுவார். அது மானமுள்ள பதில், ஆனால் அந்தப் படிவம் கேட்பது அதை அல்ல. ஒரு வேலையை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான தடவைகள் திரும்பத் திரும்ப, மற்றவர் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேற்படாமல் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் 'முடியாது' என்றே கணக்கு. அதுவும் ஒரு வருடத்தில் பாதி நாளுக்கு மேல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சொக்கெற் (செயற்கைக் காலில் மிச்சக் கால் பொருந்தும் கிண்ணம்) உரசித் தோல் புண்ணாகி, காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு இருக்கும் நாட்கள் எத்தனை என்று இன்றிலிருந்தே கலண்டரில் குறித்து வாருங்கள்.

குளிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது செயற்கைக் காலைக் கழற்றியாக வேண்டும். அப்படியென்றால், ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று, பாத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குகிறீர்கள். பிடிக்கக் கம்பி இல்லாவிட்டால் சுவரைப் பிடிக்கிறீர்கள். எத்தனை தரம் வழுக்கினீர்கள், இப்போது வாளியில் தண்ணீர் எடுத்துக் கட்டிலில் இருந்தபடி துடைத்துக்கொள்கிறீர்களா, எல்லாவற்றையும் அப்படியே எழுத வேண்டும். 'குளிக்கச் சிரமம்' என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. பிப்புக்கு அன்றாட வாழ்வு, நடமாட்டம் என்று இரண்டு பிரிவு, இரண்டுக்கும் புள்ளி போடுவார்கள். அன்றாட வாழ்வில் புள்ளி இப்படித்தான் சேரும்: சமைக்க உயரமான இருக்கை தேவையென்றால் 2, குளிக்க இருக்கையோ கம்பியோ தேவையென்றால் 2, கழிவறையில் பிடிகம்பி தேவையென்றால் 2, உடுப்பு, சப்பாத்துப் போட நீளக் கைபிடிச் சாதனம் தேவையென்றால் 2. மொத்தம் 8. அன்றாட வாழ்வுப் பிரிவில் சாதாரண வீதம் கிடைக்க 8 போதும், உயர் வீதத்துக்கு 12. அந்தச் சாமான் உங்களிடம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நியாயமாகத் தேவைப்படுகிறதா என்பதே கேள்வி.

நடமாட்டப் பிரிவில், செயற்கைக் காலும் ஒரு சாதனமாகவே கணக்கிடப்படும். அதைப் போட்டுக்கொண்டு 20 மீற்றருக்கு மேல் 50 மீற்றர் வரைதான் முடியும் என்றால் 10 புள்ளி. 20 மீற்றருக்கு மேல் முடியாவிட்டால் 12. லண்டன் டபுள் டெக்கர் பஸ் இரண்டை முன்பின்னாக நிறுத்தினால் ஏறத்தாழ 20 மீற்றர். வீதியில் இறங்கி, எந்த இடத்தில் நோவெடுத்து நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள். ஊகத்தில் எழுத வேண்டாம், கூட்டியும் எழுத வேண்டாம்.

2025-26இல் வாரத்துக்கு வீதங்கள் இப்படி இருந்தன: அன்றாட வாழ்வுக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ஸ், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண்ஸ். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வரும். மறுத்தால் கைவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் அந்தக் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். சிற்றிசன்ஸ் அட்வைஸ், லோ சென்ரர் இரண்டும் இதற்கு இலவசமாக உதவும். பிப் மதிப்பீட்டு நேர்காணலுக்கு உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அன்பினால் அவர்கள் உங்கள் வலியைக் குறைத்துச் சொல்வார்கள்.

சான்று பற்றி ஒன்று. ஜிபியிடம் (குடும்ப வைத்தியர்) சொல்லிச் செயற்கைக் கால் நிலையத்துக்குப் பரிந்துரை வாங்குங்கள். லண்டனில் ரோஹம்ப்ரன், ஸ்ரான்மோர் இரண்டும் இதற்குப் பேர்போனவை. ஊரில் போட்ட ஜெய்ப்பூர் காலைப் பார்த்து, பொருந்தாவிட்டால் புதுக் கால் என்.எச்.எஸ் (அரச மருத்துவ சேவை) செலவில் தருவார்கள். அங்கே பிசியோவும் காலைப் பொருத்தும் நிபுணரும் எழுதும் கடிதம், ஜிபியின் மூன்று வரிக் கடிதத்தை விட எவ்வளவோ பெறுமதி.

இனி வீடு. இங்கே நேராகச் சொல்ல வேண்டும்: கவுன்சில் வீடு கெதியாகக் கிடைக்காது. லண்டனில் பல கவுன்சில்கள் தங்கள் எல்லைக்குள் சில வருடங்கள் வாழ்ந்தவர்களைத்தான் காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கின்றன. ஆனால் வீடற்றவருக்கு உதவும் கடமை வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அது உங்களுக்குப் பொருந்தும். மச்சான் 'இன்ன திகதிக்குள் வெளியேற வேண்டும்' என்று கையெழுத்திட்ட கடிதம் தரட்டும். 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை என்றாலே கவுன்சிலின் ஹவுசிங் ஒப்ஷன்ஸ் பிரிவு உங்கள் வழக்கை எடுக்க வேண்டும். உடல் ஊனத்தால் பாதிக்கப்படக்கூடியவர் என்றால் முன்னுரிமைப் பிரிவில் வருவீர்கள். அன்றிரவு தங்க இடமில்லை என்றால் தற்காலிக இடமும் தர வேண்டும். 'பிறகு வாங்கோ' என்று வாயால் சொல்லி அனுப்பினால், முடிவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மூன்றாம் மாடிப் படிகளைப் பற்றியும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு தரும் இடமும் உங்களுக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஹோம் ஒஃபிஸ் வீடு தந்த மிடில்ஸ்பரோதான் சட்டப்படி உங்கள் 'உள்ளூர்த் தொடர்பு'. ஈஸ்ட்ஹாம் அடங்கும் நியூஹாம் கவுன்சில் உங்களை அங்கே திருப்பி அனுப்பலாம். கடந்த 12 மாதத்தில் 6 மாதம் இங்கே சொந்த விருப்பில் வாழ்ந்திருந்தால், இங்கே நிரந்தர வேலை இருந்தால், அல்லது தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் இங்கே 5 வருடமாக இருந்தால் தொடர்பு இங்கேயும் உண்டு என்று வாதிடலாம். மச்சான் பொதுவாக அந்தக் கணக்கில் வரமாட்டார். என் கருத்து, மிடில்ஸ்பரோவை ஒரு தண்டனையாக எண்ண வேண்டாம். அங்கே தரைமட்ட வீடு கிடைக்கும் வாய்ப்பும் வாடகையும் லண்டனோடு ஒப்பிட முடியாதவை.

தனியார் வாடகைக்குப் போனால், யூனிவர்சல் கிரெடிற் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் மாத உதவி) வாடகைக்கு உதவும். 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட தனி ஆளுக்குப் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான் தருவார்கள். ஆனால் பிப்பின் அன்றாட வாழ்வுப் பிரிவு, எந்த வீதமாக இருந்தாலும், கிடைத்துவிட்டால் ஒரு படுக்கையறை வீட்டுத் தொகைக்கு உரிமை வந்துவிடும். அதிகாரிகள் தாங்களாக இதைச் சொல்வது குறைவு. பிப் கடிதம் வந்த அன்றே யூனிவர்சல் கிரெடிற் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னலில் எழுதிவிடுங்கள்.

வீட்டைத் திருத்த வேண்டுமென்றால் இரண்டு வழி. கம்பி, குளியல் இருக்கை போன்ற சிறு வேலைகளுக்குக் கவுன்சிலின் சமூகசேவைப் பிரிவில் ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ற் (அன்றாட வேலைகளைச் செய்ய என்ன வசதி தேவை என்று பார்ப்பவர்) மதிப்பீடு கேளுங்கள். தேவை என்று அவர் உறுதிசெய்தால் 1,000 பவுண்ஸுக்கு உட்பட்ட ஒவ்வொன்றும் இங்கிலாந்தில் இலவசம். தொட்டியைக் கழற்றிப் படியில்லாக் குளியலறை அமைப்பது, கதவை அகலமாக்குவது, படி லிஃப்ட் போன்றவற்றுக்கு டிசேபிள்ட் ஃபசிலிற்றீஸ் கிராண்ற் என்ற கவுன்சில் மானியம், இங்கிலாந்தில் உச்சம் 30,000 பவுண்ஸ். வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம், யூனிவர்சல் கிரெடிற் எடுப்பவருக்கு வருமானச் சோதனையும் இல்லை. முழு விண்ணப்பம் கொடுத்து 6 மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். குழம்புவது இரண்டு இடத்தில். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அடுத்த ஐந்து வருடம் அங்கே வாழ எண்ணம் இருக்க வேண்டும். குறுகிய ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இது இழுபடும். மற்றது, அனுமதி வர முன் வேலையைத் தொடங்கினால் காசு கிடையாது. தெரிந்த கொத்தனார் மலிவாகச் செய்து தருகிறார் என்று முந்தாதீர்கள்.

வேலைக்கு வருவோம். நேர்முகத்துக்கு முன்னரோ, வேலை உறுதியாகும் வரையோ, உங்கள் உடல்நிலையைப் பற்றிப் பொதுவாகக் கேட்கக்கூடாது என்று 2010 சமத்துவச் சட்டம் சொல்கிறது. நேர்முகத்துக்கு ஏதும் வசதி வேண்டுமா என்று கேட்கலாம். அப்போது தரைமட்ட அறை வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். விளம்பரத்தில் 'டிசபிலிற்றி கொன்ஃபிடென்ற்' முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த நிறுவனங்களில் குறைந்தபட்சத் தகுதி உள்ள ஊனமுற்றவரை நேர்முகத்துக்கு அழைக்கும் ஏற்பாடு உண்டு. கவுன்சில், என்.எச்.எஸ் கணக்குப் பிரிவு வேலைகளை இப்படித் தேடுங்கள்.

வேலை கிடைத்ததும் அக்செஸ் ரு வேர்க். ஊனமுள்ளவர் வேலைசெய்ய ஆகும் மேலதிகச் செலவுக்கு அரசாங்கம் உதவும் திட்டம் அது. பஸ்ஸோ ரெயினோ முடியாவிட்டால் வேலைக்குப் போய்வர ரக்சிச் செலவு, சரியான கதிரை, மேசை, உதவியாள், எல்லாவற்றுக்கும் இதில் காசு உண்டு. பொதுப் போக்குவரத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்குமோ அதை மட்டும் நீங்கள் போடுவீர்கள். பிப் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, மற்ற உதவிகளையும் இது குறைக்காது. விண்ணப்பிப்பது நீங்கள், முதலாளி அல்ல. வேலை தொடங்கி முதல் 6 வாரத்துக்குள் விண்ணப்பித்தால், சாதனங்களின் முழுச் செலவையும் அவர்களே ஏற்கலாம். அதற்குப் பிறகு என்றால், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஒரு பங்கு போட வேண்டும், அங்கேதான் முதலாளியின் முகம் மாறும். முடிவு வர மாதக்கணக்கில் எடுக்கிறது. வேலை தொடங்க 4 வாரமே இருப்பவருக்கு முன்னுரிமை தருவதால், தொடங்கும் திகதி போட்ட நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். சாமானை முதலில் வாங்கிவிட்டு ரசீதை அனுப்பினால் தரமாட்டார்கள். கடையிலோ பெற்றோல் ஷெட்டிலோ கைக்காசுக்கு வேலை செய்தால் இதில் ஒன்றும் கிடைக்காது. சம்பளச் சீட்டு வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள்.

யூனிவர்சல் கிரெடிற் மட்டும் சம்பளத்தோடு குறையும். வேலைசெய்யும் ஆற்றல் குறைந்தவர் என்று அவர்களின் மதிப்பீட்டில் முடிவானால், வாடகை உதவி எடுப்பவருக்கு சம்பளத்தில் மாதம் ஒரு தொகை வரை (2025-26இல் 411 பவுண்ஸ்) கை வைக்கமாட்டார்கள். அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டு.

திருச்சி நண்பரின் விசாவில் 'நோ ரிகோர்ஸ் ரு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று இருக்கும், அதாவது ஒரு பட்டியலில் உள்ள அரச உதவிகளை எடுக்கக்கூடாது. பிப், யூனிவர்சல் கிரெடிற், கவுன்சில் வீடு, கவுன்சில் ரக்ஸ் குறைப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் அவற்றைத் தொட்டால் விசா நிபந்தனை மீறல். அக்செஸ் ரு வேர்க் அந்தப் பட்டியலில் இல்லை. சமத்துவச் சட்டமும் விசாவைப் பார்ப்பதில்லை. அவர் வேலையிடத்தில் நியாயமான மாற்றங்களை எழுத்தில் கேட்கலாம், ஏற்கெனவே 6 வாரம் கடந்திருந்தாலும் அக்செஸ் ரு வேர்க்குக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பிப் படிவத்தைப் பார்த்து அவரும் ஒன்று நிரப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.