கல்லூரிக் கூடைப்பந்தில் பொது அரங்க ஆட்டங்களுக்கு ஏன் மதிப்பு?

இரு அணிகளுக்கும் சொந்தமில்லாத அரங்கில் நடப்பதே பொது அரங்க ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சொந்த அரங்கின் பலம் பெரிது: எதிரணி வீரர் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) எறிய நிற்கையில், கூடைக்குப் பின்னால் மாணவர் கூட்டம் கையை வீசிக் கூச்சலிடும். அந்தச் சாதகம் இல்லாத வெற்றி, சொந்தப் பள்ளியில் எழுதிய மாதத் தேர்வைவிட வேற்று மையத்தில் எழுதிய பொதுத் தேர்வு மதிப்பெண் நம்பகமாவது போன்றது. பல அணிகள் மோதும் ஆண்கள் தேசியப் போட்டியும் பொது அரங்குகளிலேயே நடப்பதால், இது நல்ல ஒத்திகையும் ஆகிறது. அந்தப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பார்க்கும் ‘நெட்’ என்ற அணித் தரவரிசையில், மிக உயர்ந்த மதிப்புள்ள முதல்தர வெற்றிக்குச் சொந்த அரங்கில் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியை வீழ்த்த வேண்டும். பொது அரங்கில் முதல் 50, எதிரணி அரங்கில் முதல் 75 போதும்.

பொது அரங்கு என்றால் கூட்டமும் நடுநிலையாக இருக்கும் என்பது தவறான எண்ணம்; கான்சஸ் பல்கலைக்கழக அணி அருகிலுள்ள கான்சஸ் சிட்டியில் ஆடினால், ஏட்டில்தான் அது பொது அரங்கு.