அலுமினிய மேனிஃபோல்டு மாற்றிய பின் கூலன்ட் ஒழுகினால்: கேள்வி பதில்

என் கை பழகியது ஷெவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி8 என்ஜினில்தான். 1955-இல் வந்த வடிவமைப்பு அது. என்ஜினுக்குள் காற்றையும் எரிபொருளையும் பிரித்து அனுப்பும் வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனங்களின் அலுமினிய மேனிஃபோல்டைப் பூட்டியவர்கள்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோள்: பதிலைப் படிக்கும் முன் போய் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: 1972 ஷெவ்ரோலே நோவா கார், 350 கன அங்குல என்ஜின். மேனிஃபோல்டு மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. என்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் பச்சையாகச் சொட்டுகிறது. கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

பதில்: பச்சையாகச் சொட்டினால் அது என்ஜினைக் குளிர்விக்கும் நீர், அதாவது கூலன்ட். அந்த சீல் தடுப்பது ஆயிலை. சொட்டும் இடத்தை வைத்து ஒழுகும் இடத்தை முடிவு செய்யாதீர்கள். இந்த என்ஜினில் சிலிண்டர்களை மேலே மூடும் இரண்டு ஹெட்டுகளின் நான்கு மூலைகளிலும் நீர்த் துவாரங்கள் உண்டு. தெர்மோஸ்டாட்டுக்கு நீர் போவது முன் இரண்டின் வழியாக. பின் இரண்டை மேனிஃபோல்டு வெறுமனே மூடி வைக்கிறது. அங்கே நீர் ஓட்டம் இல்லையே என்று பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அழுத்தம் முன்னால் இருக்கும் அதே அழுத்தம்தான். அங்கே கசியும் நீர் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் வந்து சொட்டும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கையால் அடிக்கும் பிரஷர் பம்பைப் பொருத்துங்கள். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 15 அல்லது 16 பிஎஸ்ஐ, ஏற்றி நிறுத்துங்கள். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் பாருங்கள். நான் கடைசியாகப் பார்த்த வண்டியில் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பில் கடுகு அளவில் ஒரு பச்சைத் துளி திரண்டது. ஒரு நிமிடம் தயங்கி நின்றது. பிறகு உருண்டு மறைந்தது. காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று ஏற்கெனவே அதற்கு வழி போட்டு வைத்திருந்தது.

பம்பின் அழுத்த முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் நீர் உள்ளே, மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் லிஃப்டர் பள்ளத்தில் விழுகிறது. அங்கிருந்து நேராக ஆயிலுக்குப் போகும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு முறை கேஸ்கெட் மாற்றிவிட்டேன், மூன்றாவது முறையும் ஒழுகுகிறது. எந்த சிலிக்கான் நல்லது?

பதில்: எதுவும் உதவாது. இரண்டு முகங்களும் சரியாகப் படியவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். ஹெட்டுகளை எப்போதாவது சமன் செய்ய அறுத்தீர்களா? ஹெட்டின் அடியில் 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அறுத்திருந்தால், மேனிஃபோல்டின் பக்க முகங்களில் சுமார் 37 தௌ அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் மேனிஃபோல்டு உயர்ந்து நிற்கும். போல்ட் துளையின் ஓரத்தில் உரசி இறுகும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லிவிடும், கேஸ்கெட்டின் மேல் அழுத்தம் இருக்காது.

எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கேஸ்கெட் இல்லாமல் மேனிஃபோல்டை மேலே வைத்துப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழையுங்கள். எனக்கு ஒருமுறை விலை குறைந்த மேனிஃபோல்டு ஒன்று வந்தது. சந்தேகப்பட்டு, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை நீர்த் துவாரங்களைச் சுற்றி ஒட்டி, மேனிஃபோல்டை அழுத்தி எடுத்தேன். களிமண் மேலே காகிதம்போல் நசுங்கியிருந்தது. கீழே அப்படியே தடிமனாக இருந்தது. முகத்தையே தவறான கோணத்தில் கடைந்திருந்தார்கள். அதை எந்தப் பேஸ்ட்டும் அடைக்காது. திருப்பி அனுப்பினேன்.

கேள்வி: மேனிஃபோல்டின் அடியில் முன்னும் பின்னும் வைக்கும் கார்க் பட்டையைப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது மேனிஃபோல்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் நீர்த் துவாரம் படியாது. அந்த இடத்தில் கால் அங்குல உயரத்துக்கு சிலிக்கான் கோடு போடுங்கள், மூலைகளில் கேஸ்கெட் மேல் சற்று ஏறும்படி. சிலிக்கானுக்கு உரிய இடம் அது.

கேள்வி: 1997 வண்டியின் வோர்டெக் ஹெட், இதே என்ஜினின் பிற்கால வகை. போல்ட்டுகளை 30 பவுண்ட்-அடிக்கு இறுக்கினேன், ஒழுகுகிறது.

பதில்: 30 என்பது பழைய 12 போல்ட் ஹெட்டுக்கான அளவு. வோர்டெக்கில் 8 போல்ட்தான், அளவு 11. கேஸ்கெட்டை நசுக்கிவிட்டீர்கள். புதியது வாங்குங்கள்; நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

கேள்வி: நீர் ஒழுகலை அடைக்கும் பொடி போட்டால் போதாதா?

பதில்: போதாது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அது முதலில் அடைக்கும்.

அதே நபர்: காடிலாக் அலுமினிய என்ஜின்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸே தொழிற்சாலையில் அப்படிப்பட்ட மாத்திரைகளைப் போட்டதே! நிறுவனமே போட்டதை நீங்கள் தவறு என்கிறீர்களா?

பதில்: போட்டது உண்மை. அந்த மாத்திரையில் இஞ்சித் தூள்கூட உண்டு. ஆனால் எதற்காகப் போட்டார்கள்? வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைக் கசிவுக்காக. உங்கள் வண்டியில் இருப்பது முகம் படியாத இடைவெளி. என்ஜின் சூடாகும்போதும் ஆறும்போதும் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிந்து சுருங்குகிறது. அந்த இடைவெளி தினமும் அசைகிறது. அசையும் இடத்தில் பொடி எப்படி நிற்கும்?

அதே நபர்: என் வண்டியில் ஓராண்டாக நிற்கிறது.

பதில்: வெளியே சொட்டுவது நின்றிருக்கிறது. உள்ளே? நான் பிரித்த ஒரு என்ஜினிலும் உரிமையாளர் இதையேதான் சொன்னார். வெளியே சொட்டில்லை, ஆயில் பானைத் திறந்தால் அடியில் சாம்பல் நிறக் குழம்பு, கிராங்க் பேரிங்கில் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்மானம். நாற்பது டாலர் கேஸ்கெட்டைத் தள்ளிப்போட்டு என்ஜினையே இழந்தார். டிப்ஸ்டிக் இருக்கட்டும், உங்கள் ஆயிலை ஒரு கண்ணாடிக் குடுவையில் வடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அடியில் நீர் தங்கினால் நாம் வாதிட ஒன்றுமில்லை.

கேள்வி: வெப்பம் ஏறியதும் ரேடியேட்டரில் குமிழி வருகிறது. மேனிஃபோல்டு கோளாறா?

பதில்: ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலத் திரவம் மஞ்சளாகும் சோதனைக் கருவி கடைகளில் கிடைக்கும்.

கேள்வி: நீர்த் துவாரத்தைச் சுற்றி எவ்வளவு சிலிக்கான் பூச வேண்டும்?

பதில்: மேலே படியுங்கள். முகம் படிந்தால் மெல்லிய பூச்சு போதும். படியாவிட்டால் ஒரு டியூப் முழுவதும் பூசினாலும் ஒழுகும். இந்தக் கேள்வி இன்று நான்காவது முறை வருகிறது.

கேள்வி: மாருதி ஸ்விஃப்ட்டில் கூலன்ட் குறைகிறது.

பதில்: எனக்குப் பழக்கமில்லாத என்ஜின். அதை அறிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட் கூட்டின் அடியில் ஈரம்.

பதில்: கூட்டின் விளிம்பு வளைந்திருக்கும். தட்டையான கண்ணாடியில் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் குழாய் இணைப்பை மிகையாக முறுக்காதீர்கள். கூம்பு மரை அலுமினியத்தைப் பிளந்துவிடும்.

கேள்வி: நோவாக்காரர்தான் மீண்டும். வலது பின் மூலையில்தான் கசிவு! ஆயிலும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நாளை புது கேஸ்கெட் போட்டுவிட்டு ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். மேனிஃபோல்டைத் தூக்கும் முன் ரேடியேட்டரையும் பிளாக்கையும் வடியுங்கள். இல்லாவிட்டால் மிச்ச நீரும் லிஃப்டர் பள்ளத்தில்தான் கொட்டும். வடித்ததை மூடி வையுங்கள், இனிப்பாக இருப்பதால் நாய்கள் குடித்துச் செத்துப்போகும். பூட்டிய பிறகு புது ஆயில், புது ஃபில்டர். இருபது நிமிடம் ஓட விட்டு அதையும் வடித்துவிட்டு மறுபடி மாற்றுங்கள். அதற்குப் பிறகு டிப்ஸ்டிக் என்ன நிறம் என்று எழுதுங்கள்.